சிதறிய கிணற்று அளவீடுகளைக் கட்டவலையாக்கும் முறை

வாணியம்பாடி, ஆம்பூர் தொடங்கி வேலூர், வாலாஜாபேட்டை வரை பாலாற்றை ஒட்டிய கிணறுகளில் எடுக்கும் நீர்மட்ட அளவுகள், தோட்டங்கள் உள்ள இடத்தில் நெருக்கமாகவும் ஜவ்வாது மலைச்சரிவில் அரிதாகவும் அமைகின்றன. நிறமேற்றிய வரைபடமோ, ஒரே நீர்மட்டமுள்ள இடங்களை இணைக்கும் சமமட்டக் கோடுகளோ வரைவதற்கு முன், இவற்றைச் சம இடைவெளியில் புள்ளிகள் அமைந்த கட்டவலைக்கு (grid) மாற்ற வேண்டும்.

மே மாத அளவையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரி அளவையும் ஒரே வரைபடத்தில் கலக்கக் கூடாது. சுவரின் மேலிருந்து அளந்த ஆழத்தை அப்படியே எடுக்காமல், அதிலிருந்து கிணற்றுச் சுவரின் உயரத்தைக் கழித்தபின், மிஞ்சிய ஆழத்தைத் தரையின் உயரத்திலிருந்து கழியுங்கள். தரை கடல்மட்டத்திற்கு மேல் 215 மீட்டர், நீர் 12 மீட்டர் ஆழத்தில் என்றால் நீர்மட்டம் 203 மீட்டர். அட்சரேகை, தீர்க்கரேகைகளை இடங்களை மீட்டரில் குறிக்கும் யுடிஎம் (UTM) வரைபட முறையின் 44 வடக்கு மண்டல அளவுக்கு மாற்றிவிடுங்கள். நம் பகுதியில் ஒரு பாகை தீர்க்கரேகை ஒரு பாகை அட்சரேகையைவிடச் சற்றுக் குறுகியது என்பதால், பாகையிலேயே தூரம் கணக்கிட்டால் பிழை வரும்.

400 சதுர கிலோமீட்டரில் 100 கிணறுகள் இருந்தால் சராசரி இடைவெளி 2 கிலோமீட்டர். கட்டத்தின் பக்கம் அதில் பாதியோ கால்பங்கோ இருந்தால் போதும். கட்டத்தை 50 மீட்டராகச் சுருக்கினால் படம் வழவழப்பாகுமே தவிர, புதிய தகவல் எதுவும் சேராது.

பைத்தான் நிரல்மொழியில், சைபை (SciPy) என்ற கணக்கீட்டு நூலகத்தின் கிரிட்டேட்டா (griddata) செயற்கூறுக்குக் கிணறுகளின் இடங்களையும் மட்டங்களையும் கட்டப் புள்ளிகளையும் கொடுத்து, முதலில் லீனியர் (linear) முறையையே பயன்படுத்துங்கள். அது கிணறுகளை முக்கோணங்களாக இணைத்து, ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் நேர்கோட்டு விகிதத்தில் மதிப்பிடுவதால், அளந்த எல்லையைத் தாண்டிய எண்ணைத் தருவதில்லை. அதே செயற்கூறின் கியூபிக் (cubic) முறை அழகான வளைவுகளைத் தந்தாலும், எந்தக் கிணற்றிலும் இல்லாத மேட்டையோ பள்ளத்தையோ உண்டாக்கக்கூடும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது கிணறில்லாத இடங்களில்தான். விளிம்புக் கிணறுகளுக்கு வெளியே லீனியர் முறை வெற்றிடமே விடும். அதை அருகிலுள்ள கிணற்றின் எண்ணால் நிரப்பாதீர்கள். உள்ளேயும், மலைக்கு இருபுறமுள்ள கிணறுகளை ஒரு நீண்ட முக்கோணம் இணைத்து, பாறைக்குள்ளும் நீர்மட்டம் இருப்பதாகக் காட்டும். ஆகவே அருகிலுள்ள கிணற்றுக்கான தூரத்தை ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் கணக்கிட்டு, அது சராசரி இடைவெளியின் இரு மடங்கைத் தாண்டினால் அந்த இடத்தை வெறுமையாக்குங்கள். இந்தப் படத்தை நம்பி ஒருவர் கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடக்கூடும். அளந்தது எது, ஊகித்தது எது என்று அவருக்குத் தெரியும்படி, கிணறுகளைக் கரும்புள்ளிகளாக வரைபடத்தின் மேலேயே குறிப்பது கட்டாயம்.

கடைசியாக, ஒவ்வொரு கிணற்றையும் ஒருமுறை விலக்கி, மற்றவற்றைக் கொண்டு அதன் மட்டத்தை மதிப்பிட்டு, அளந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். சராசரிப் பிழை 3 மீட்டர் என்று வந்தால், 1 மீட்டருக்கு ஒரு கோடு வரைய அந்தத் தரவு இடம்கொடாது. 5 மீட்டருக்கு ஒன்றாக வரையுங்கள்.