மூணாறு குளிரில் வண்டி முனகினால்

மூணாறு, தேவிகுளம் பக்கம் ஜனவரி காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால் முதல் சந்தேகம் பேட்டரி மேல்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான், சாவி திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மாற்ற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. ஆனால் காசைச் செலவழிக்கும் முன் பேட்டரியின் டெர்மினலை, அதாவது வயர் மாட்டும் முனையைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் நெகட்டிவ்வை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்து, நன்றாக உலர்த்தி இறுக்குங்கள்.

சாவி திருப்பும்போது 'டக்டக்டக்' என்று படபடத்தால் கரண்ட் போதவில்லை. ஒரே ஒரு 'டக்' என்றால் ஸ்டார்டர் மோட்டாரையும் பார்க்க வேண்டும். டீசல் வண்டியா? இன்ஜினைச் சூடாக்கும் குளோ பிளக்கைக் காட்டும் சுருள் வடிவ விளக்கு மீட்டரில் அணையும்வரை பொறுங்கள், இங்கே ஜீப் ஓட்டும் அண்ணன்மார் யாரும் பொறுப்பதில்லை, அது வேறு கதை.

அப்புறம் அந்தக் 'கீச்' சத்தம். பெரும்பாலும் பெல்ட்தான். இன்ஜின் ஓடும்போது கையையும் துண்டையும் தள்ளி வைத்துக்கொண்டு பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்: சத்தம் நின்று திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி கோணலாக இருக்கலாம், கூடினால் பெல்ட் லூஸ். இன்ஜின் அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்தால் வண்டியை அணைத்து ஆயில் அளவைப் பாருங்கள், அடிமாலி வரை ஓட்டிப் பார்ப்போம் என்று கிளம்பாதீர்கள்.