குன்சும் லாவ சைக்கிள்ல தாண்டுறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

ஹிமாச்சல்ல இருக்குற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு சைக்கிள் எடுத்துட்டு போகணும்னு நினைக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது, "குன்சும் லா 4551 மீட்டராச்சே, நம்மால ஏற முடியுமா?" ஏறிடலாம்ங்க. ஸ்பிட்டி பக்கம் இருக்குற லோசர் கிராமமே சுமார் 4080 மீட்டர்ல இருக்கு, அங்கிருந்து உச்சிக்கு 19 கிலோமீட்டர் போல, கணக்கு போட்டு பாத்தா சராசரியா 100 மீட்டருக்கு ரெண்டரை மீட்டர் தான் ஏத்தம், அதுலயும் பாதி தூரம் ஆத்தோரமா சும்மா போகும். பயப்படணும்னா அந்தப்பக்கம் பட்டால்ங்கற இடத்துக்கு இறங்குறீங்க பாருங்க, 12 கிலோமீட்டர் கப்பி ரோடு, அதுக்கு பயப்படுங்க.

(லான்னாலே திபெத்திய மொழியில கணவாய் தான். குன்சும் லா கணவாய்னு சொன்னா நடு சென்டர்னு சொல்ற மாதிரி.)

ஸ்டெப் 1: காசா (ஸ்பிட்டியோட முக்கிய ஊர்) பக்கத்துல இருந்து ஏறுங்க

மணாலி 2000 மீட்டர் சொச்சம். அங்கிருந்து ஜீப்ல ஒரே நாள்ல மேல வந்து இறங்கினா தலைவலியும் வாந்தியும் தான் மிச்சம். சிம்லா, கின்னௌர், நாக்கோ, தாபோன்னு சுத்தி காசாவுக்கு வாங்க, நாள் கூட ஆகும், ஆனா உடம்பு கொஞ்சம் கொஞ்சமா பழகிக்கும். காசாவுல ரெண்டு ராத்திரியாவது தங்குங்க, பகல்ல கீ மடாலம் வரைக்கும் மிதிச்சு ஏறிட்டு தூங்க மட்டும் கீழ வந்துடுங்க. அப்புறம் ரங்க்ரிக், ஹன்சா வழியா லோசர், அங்க ஒரு ராத்திரி. லோசர் செக்போஸ்ட்ல பேர் எழுதிட்டு போங்க, அதுக்கு மேல போன்ல சிக்னல் இருக்கும்னு நம்பாதீங்க. தலைவலி விடலைன்னா, நடக்கும்போது தள்ளாடுச்சுன்னா அன்னைக்கு ஏறாதீங்க, கீழ இறங்குங்க. இதுல மட்டும் வீராப்பு வேணாம்.

கணவாய் திறந்திருக்குறது பொதுவா ஜூன்ல இருந்து அக்டோபர் வரைக்கும். தார் போடுற வேலை நடந்துட்டே இருக்கறதால போன வருஷம் போனவர் சொன்ன ரோடு இந்த வருஷம் இருக்காது, லோசர்ல டிரைவர் அண்ணன்கள்ட்ட கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 2: சைக்கிள்

எம்டிபி (மவுண்டன் பைக்) இருந்தா போதும், ஜல்லி ரோட்டுக்குன்னே வர்ற கிராவல் பைக் புதுசா வாங்கணும்னு இல்ல. டயர் 45 மில்லிமீட்டராவது அகலம் இருக்கணும், பின்னாடி இருக்குற பெரிய பல்சக்கரம் முன்னாடி இருக்குற சின்னதை விட பெருசா இருக்கணும். சைக்கிள்ல ஷாப்பிங் லிஸ்ட் அவ்ளோதான். மத்த காச பிரேக் பேடுக்கு வைங்க.

ஏன்னா நான் பட்ட பாடு அப்படி. முதல் தடவை போனப்போ வாடகை சைக்கிள், கேபிள் டிஸ்க் பிரேக், கடைக்காரர் "எல்லாம் பக்கா"ன்னாரு, நானும் ரெண்டு தடவை லீவர அமுக்கி பாத்துட்டு வந்துட்டேன். பட்டால் இறக்கத்துல மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே லீவர் கைப்பிடியில போய் இடிக்குது. ஓரமா நிறுத்தி சக்கரத்த கழட்டி பாத்தா பேட்ல மிச்சம் இருந்தது ஒரு போஸ்ட்கார்டு கனம், மறுபக்க பேடுல அதுவும் இல்ல, வெறும் தகடு தான் டிஸ்க்க தேய்ச்சுட்டு இருந்திருக்கு. மிச்சம் எட்டு கிலோமீட்டரும் தள்ளிட்டே நடந்தேன். இப்பல்லாம் கிளம்புறதுக்கு முன்னாடி பேட கழட்டி கண்ணால பாக்காம நகர மாட்டேன், கூட ஒரு செட் பையில இருக்கும்.

ஸ்டெப் 3: காத்து

ஊர்ல கல்லு மாதிரி காத்தடிச்சு ஓட்டுற பழக்கம் இங்க ஆகாது. டயர் கெட்டியா இருந்தா ஒவ்வொரு ஜல்லியிலயும் துள்ளும், பிடிமானம் போயிடும். 75 கிலோ ஆள், 45 மில்லி டயர்னா 30, 35 பிஎஸ்ஐ போதும், ட்யூப் போட்டிருந்தா ரொம்பவும் குறைக்காதீங்க, கல்லுல இடிச்சா ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல ட்யூப் மாட்டி பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். இன்னொரு விஷயம், மேல போகப்போக சிப்ஸ் பாக்கெட் உப்புதுல்ல, டயரும் அப்படித்தான். கடலோர ஊர்ல அடிச்ச காத்தோட அப்படியே இங்க கொண்டு வந்தா ஆறு பிஎஸ்ஐ போல கூடுதலா காட்டும், அதனால லோசர்ல காலையில ஒரு தடவை கட்டை விரலால அமுக்கி பாத்துட்டு கொஞ்சம் இறக்கிக்கோங்க.

ஸ்டெப் 4: ஏத்தம்

காலையில ஆறு மணிக்கே கிளம்பிடுங்க, மத்தியானத்துக்கு மேல அடிக்குற காத்து சைக்கிளோட நம்மள தள்ளும். உச்சியில காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 60 சதவீதத்துக்கும் கம்மி, அதனால கால் வலிக்கறதுக்கு முன்னாடியே மூச்சு வாங்கிடும். பேசிட்டே மிதிக்க முடியுற வேகம் தான் சரியான வேகம், மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்னாலும் பரவால்ல. எந்திரிச்சு நின்னு மிதிக்காதீங்க, பின் டயர்ல எடை குறைஞ்சு ஜல்லியில சுத்தும். சீட்டுல உக்காந்து, முழங்கைய மடிச்சு, ஜீப் சக்கரம் ஓடி அமுங்கின தடத்துலயே போங்க. நின்னுட்டீங்கன்னா மேட்டுல மறுபடி கிளம்புறது கஷ்டம், கொஞ்சம் தள்ளிட்டு போய் சமதளத்துல ஏறிக்கோங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க.

உச்சியில குன்சும் மாதா கோயில் இருக்கு, பிரார்த்தனைக் கொடி படபடன்னு அடிச்சுட்டே இருக்கும், வர்ற லாரி, பஸ் எல்லாம் கோயில ஒரு சுத்து சுத்திட்டு தான் போகும், நீங்களும் சுத்துங்க. எதிர்ல சந்திரபாகா மலைத்தொடர். போட்டோ எடுங்க, பிஸ்கட் சாப்பிடுங்க, ஜாக்கெட் போடுங்க (வேர்த்த உடம்போட இறங்கினா பத்து நிமிஷத்துல விரல் மரத்துடும், மரத்த விரலால பிரேக் பிடிக்க முடியாது). அரை மணி நேரத்துக்கு மேல உக்காராதீங்க.

ஸ்டெப் 5: இறக்கம்

சீட்ட ரெண்டு விரக்கடை இறக்குங்க. ரெண்டு பெடலும் ஒரே மட்டத்துல, குதிகால் கீழ, இடுப்பு கொஞ்சம் பின்னால, ஹேண்டில்பார இறுக்கி பிடிக்காம கோழிக்குஞ்ச பிடிக்குற மாதிரி பிடிங்க. வேகத்த வளைவுக்கு முன்னாடியே குறைச்சுடணும், வளைவுக்குள்ள போய் முன் பிரேக்க பிடிச்சீங்கன்னா முன் சக்கரம் சறுக்கி நேரா பள்ளத்துப் பக்கம் தான் போகும். பிரேக்க தொடர்ந்து பிடிச்சுட்டே வராதீங்க, பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு வாங்க, டிஸ்க்கோட சூடு தணியறதுக்கு நேரம் கிடைக்கும். கண்ணு பத்து மீட்டர் முன்னாடி இருக்கட்டும், கல்ல பாத்தீங்கன்னா கல்லு மேல தான் ஏறுவீங்க. எதிர்ல வண்டி வந்தா மலைப் பக்கம் ஒதுங்கி கால ஊணி நில்லுங்க, பள்ளத்துப் பக்கம் ஒதுங்கவே கூடாது, அந்த ஓரம் மண்ணு பொலபொலன்னு இருக்கும்.

கீழ சந்திரா ஆத்துப் பாலத்த தாண்டினா பட்டால், தாபால சூடா ராஜ்மா சாவல் கிடைக்கும். அதுக்கு மேல சத்ருங்கற ஊர் பக்கம் போற 30 கிலோமீட்டர் சொச்சத்துல ரோட்டு மேலயே நாலா (மலை ஓடை) ஓடும், பனி உருகி வர்ற தண்ணிங்கறதால வெயில் ஏற ஏற ஆழமும் கூடும். அதனால அன்னைக்கு பட்டால்லயே தங்கிடுங்க, விடிஞ்சதும் தண்ணி கம்மியா இருக்கும்போது சைக்கிள தள்ளிட்டே கடந்துடலாம். சாப்பிட்டதும் படுத்துடாதீங்க, பழைய துணி ஒண்ணு வாங்கி செயின தொடைச்சு எண்ணெய் போட்டுட்டு படுங்க.