பழைய செடான் வாங்கப் போகிறீர்களா? முதலில் இன்ஜினைப் பாருங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய பழைய செடானின் பானெட்டைத் தொட்டுப் பார்த்தபோது அது கதகதப்பாக இருந்தது. "உங்களுக்காகவே கழுவி, பெட்ரோல் போட்டுக் கொண்டுவந்தேன்" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் வண்டியைக் கிளப்பியதும் சைலன்சரிலிருந்து நீலப் புகை குபுக்கென்று எழும். சற்று நேரத்தில் சுவடில்லாமல் மறைந்துவிடும். இரவெல்லாம் நின்ற வண்டியில், தேய்ந்துபோன வால்வு சீல்கள் (ஆயில் சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கும் சிறு அடைப்புகள்) வழியாக ஆயில் கசிந்து இறங்கியிருக்கிறது. அவர் ஏன் இன்ஜினைச் சூடாக்கிக் கொண்டுவந்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பத்துப் பதினைந்து வயதான காரில் பெயிண்ட், இருக்கை, ஏசி எல்லாவற்றையும் பிறகு மெல்லச் சரிசெய்துகொள்ளலாம். இன்ஜின் படுத்துவிட்டால் பழுதுச் செலவு காரின் விலையையே எட்டிப்பிடித்துவிடும். ஆகவே இன்ஜினைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அது பொருத்தப்பட்ட காரைத் தேடுங்கள்.

படி 1: இன்ஜினின் குறியீட்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

"இந்த கம்பெனி கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரே பெயருள்ள கார் இரண்டு மூன்று இன்ஜின்களோடு விற்கப்படும்; ஒரே இன்ஜினிலும் சில ஆண்டுகளில் வந்தவை மட்டும் தொல்லை கொடுக்கும்.

டொயோட்டா கேம்ரியை எடுத்துக்கொள்வோம். 2007 முதல் 2009 வரை வந்த கேம்ரிகளில் இருந்த 2.4 லிட்டர் இன்ஜின் (குறியீடு 2ஏஇசட்-எஃப்இ) பிஸ்டன், பிஸ்டன் ரிங் குறையால் ஆயில் குடிப்பதில் பெயர்பெற்றது. அதே ஆண்டுகளில் அதே காரில் வந்த 3.5 லிட்டர் வி6 இன்ஜினுக்கு (2ஜிஆர்-எஃப்இ) அந்தக் கெட்ட பெயர் இல்லை. ஹோண்டா சிவிக்கில் 2006 தொடங்கி 2009-இன் தொடக்கம் வரை வந்த 1.8 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றில் இன்ஜினின் உலோக உடலான பிளாக்கிலேயே விரிசல் விட்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசிந்தது. நிறுவனமே அதற்கு உத்தரவாதக் காலத்தை நீட்டித்தது. 2011 முதல் 2014 வரையிலான ஹூண்டாய் சொனாட்டாவின் 'தீட்டா 2' இன்ஜின்கள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. தொழிற்சாலையில் இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டைக் கடையும்போது தங்கிவிட்ட உலோகத் துகள்கள் ஆயில் வழியை அடைத்து, பேரிங்குகளைத் தின்றுவிட்டன.

குறியீட்டை பானெட்டுக்குள் உள்ள தகட்டிலோ, இன்ஜின் பிளாக்கிலோ, சேஸிஸ் எண்ணை வைத்தோ கண்டுபிடிக்கலாம். அந்தக் குறியீட்டோடு ஆண்டையும் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். ஒரே புகார் மறுபடி மறுபடி வந்தால் அந்தக் காருக்கு ஒரு கும்பிடு. ஆவணத்தில் இன்ஜின் எண் இருந்தால், பிளாக்கில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுவிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம். ஏன், எப்போது என்று கேளுங்கள்.

படி 2: எளிமையான இன்ஜினைத் தேடுங்கள்

முதல்முறை வாங்குபவருக்கு நான் சொல்வது: நான்கு சிலிண்டர், டர்போ (கூடுதல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் இன்ஜின். 2003 முதல் 2007 வரையிலான ஹோண்டா அக்கார்டின் 2.4 லிட்டர் கே24 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பழைய பாணி இன்ஜின்களில் பெட்ரோல், உள்ளிழு வால்வுகளுக்கு முன்பாகவே பீய்ச்சப்படும். அதனால் வால்வுகள் தாமாகவே கழுவப்படுகின்றன. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் செலுத்தும் இன்ஜின்களில் அந்தக் குளியல் இல்லை. வால்வுகளில் கரி படிந்து, ஒரு கட்டத்தில் கழற்றிச் சுரண்ட வேண்டிவரும். டர்போவைக் கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் முந்தைய உரிமையாளர் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டியிருந்தால் முதலில் பழிவாங்குவது அதுதான். டீசல் என்றால், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும்.

படி 3: பெல்ட்டா, செயினா?

வால்வுகளும் பிஸ்டன்களும் ஒத்திசைந்து இயங்க வைப்பது டைமிங் பெல்ட் அல்லது செயின். டைமிங் பெல்ட் ரப்பர், ஆயுள் வரையறுக்கப்பட்டது. பெரும்பாலும் 1 லட்சம் கிலோமீட்டரை ஒட்டி மாற்றச் சொல்வார்கள். ஓடாத வண்டியிலும் பெல்ட்டுக்கு வயதாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறையுங்கள்.

செயின் உள்ள இன்ஜினில் இந்தக் கவலை குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. ஆயில் கெட்டால் செயின் தளரும். பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் இன்ஜினில் செயின் கியர்பாக்ஸ் பக்கம், பின்புறத்தில் இருக்கிறது. அதை மாற்றும் வேலை எவ்வளவு பெரியது என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

படி 4: ரசீதுகள்

ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறி வருகின்றனவா என்பது போதும். ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரை, ரசீதே இல்லாத 80,000 கிலோமீட்டர் காரைவிட மேலாக மதிப்பேன்.

படி 5: குளிர்ந்த இன்ஜினைப் பாருங்கள்

"நான் வரும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். நான் செய்யத் தவறியது இதைத்தான்.

கிளப்புவதற்கு முன், ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், அதைக் குடிக்கும் இன்ஜின் அல்லது கவனிக்காத உரிமையாளர், இரண்டும் நல்லதல்ல. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். கருந்தார் போலக் கசடு அப்பியிருந்தால் விலகிவிடுங்கள். பாலாடை போல வெளுப்பாக ஏதாவது இருந்தால் உடனே ஹெட் கேஸ்கட் (ஆயிலும் கூலண்டும் கலக்காமல் தடுக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஈரம் உறைந்தும் அப்படி ஆகும். டிப்ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு இருந்தாலோ, கூலண்டில் எண்ணெய் மிதந்தாலோதான் பயப்பட வேண்டும். கூலண்ட் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்கவேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்.

இப்போது நண்பர் ஒருவரைக் கிளப்பச் சொல்லிவிட்டு, சைலன்சருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்புகை வருவது வெறும் நீராவி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு அடர்ந்த வெண்புகை வந்தால் கூலண்ட் எரிகிறது. கிளப்பிய முதல் நொடிகளில் கரகரவென்ற சத்தம் கேட்டு, அது நீடித்தால் செயினைச் சந்தேகியுங்கள்.

படி 6: அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்

சரிவான சாலை ஒன்றில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரிலேயே இறங்குங்கள். கீழே வந்ததும் அழுத்திவிட்டுக் கண்ணாடியில் பின்னால் பாருங்கள். நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல்தான். பிறகு ஏசியைப் போட்டு, பத்து நிமிடம் நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். வெப்பமானியின் முள் நடுவில் நிற்காமல் ஏறத் தொடங்கினால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

படி 7: ஸ்கேனர்

காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும், கைக்கு அடக்கமான ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகிப் பாருங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்பதோடு திருப்தியடைந்துவிடாதீர்கள். குறியீடுகளை அழித்தால் காரின் தற்சோதனைகளும் பூஜ்யத்துக்குப் போய்விடும்; அவை முடியப் பல பயணங்கள் தேவைப்படும். "சோதனை முடியவில்லை" என்று பல வரிகள் காட்டினால், உங்களைச் சந்திப்பதற்குச் சற்று முன்பு யாரோ அழித்திருக்கலாம். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆகும், எனவே காரணத்தைக் கேளுங்கள்.

படி 8: உங்கள் மெக்கானிக்

விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை கேளுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 10 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் காரணம் தெரியாமல் பணம் கொடுக்காதீர்கள். சோதனைக்கே மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசும் வேலை மிச்சம்.

வாங்கிய அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டிப்ஸ்டிக்கின் மேல்கோடு வரை நிரப்பி, ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓடியதும், சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் குளிர்ந்தபின், ஆயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மறுபடி டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்.