வைஃபையில் தொலைபேசி அழைப்பு: கள ஆய்வைத் திட்டமிடுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நான்கு மாடிக் கட்டடத்துக்கு வைஃபை கள ஆய்வு (எந்த இடத்தில் எவ்வளவு சிக்னல் கிடைக்கிறது என்று நடந்து அளப்பது) செய்தேன். வரைபடம் முழுவதும் பச்சை நிறம், அதாவது நல்ல சிக்னல். மின்னஞ்சலும் வீடியோவும் தடையின்றி ஓடின. வைஃபை தொலைபேசிகள் வந்த முதல் நாளே சிக்கல் தலைகாட்டியது. தாழ்வாரத்தின் கோடியில் நின்று பேசியவருக்கு எதிர்முனைக் குரல் தெளிவாகக் கேட்டது; அவர் பேசியது மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. காரணம் பிடிபட இரண்டு நாள் ஆயிற்று. அதன் பிறகு என் ஆய்வு முறையையே மாற்றிக்கொண்டேன்.

அக்சஸ் பாயின்டின் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டியின்) அமைப்புப் பக்கத்துக்குள் போய் வரத் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

1. எண்களை முதலில் முடிவு செய்யுங்கள்

ஜி.711 என்ற குரல் குறிமுறையில் ஓர் அழைப்பு பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் (தரவுத் துண்டு) அனுப்பும். ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 50. மொத்த அளவு சிறியதுதான், ஆனால் ஒவ்வொன்றும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் எல்லைகள்: சிக்னல் -67 டிபிஎம்முக்குக் (திறனின் அலகு; -70ஐவிட -67 வலுவானது) கீழே போகக் கூடாது, இரைச்சலைவிட 25 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும், பொட்டல இழப்பு 1 சதவீதத்துக்குள், ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள். நடந்துகொண்டே பேசும் இடங்களில் இரண்டாவது அக்சஸ் பாயின்டும் -70 அளவிலாவது கேட்க வேண்டும்.

2. மக்கள் பேசும் பாதையைக் குறியுங்கள்

மேசைகளை மட்டும் குறித்தால் போதாது. படிக்கட்டு, லிஃப்ட் வாசல், கிடங்கு, கழிப்பறை வழி, வாசற்படி என்று தொலைபேசியோடு கால் போகும் இடமெல்லாம் வரைபடத்தில் வர வேண்டும்.

3. அக்சஸ் பாயின்டின் அலைபரப்புத் திறனைத் தொலைபேசிக்கு ஈடாகக் குறையுங்கள்

என்னைத் தடுக்கிவிட்ட படி இதுதான். அக்சஸ் பாயின்ட் 20 டிபிஎம்மில், அதாவது 100 மில்லிவாட்டில் பேசிக்கொண்டிருந்தது. கையிலிருந்த தொலைபேசியின் உச்சத் திறனோ 14 டிபிஎம், வெறும் 25 மில்லிவாட். தாழ்வாரக் கோடியில் தொலைபேசிக்கு -67 கிடைத்தது. அதே இடத்திலிருந்து தொலைபேசி அனுப்பியது அக்சஸ் பாயின்டுக்கு -73 அளவில்தான் போய்ச் சேர்ந்தது. நான் வரைந்த பச்சை, அக்சஸ் பாயின்டிலிருந்து தொலைபேசிக்கு வரும் இறங்கு திசையை மட்டுமே காட்டியது. ஒருவர் ஒலிபெருக்கியில் பேச, மற்றவர் வெறும் வாயால் பதில் சொல்வது போன்ற நிலை.

ஆகவே ஆய்வைத் தொடங்கும் முன்பே, பயன்படப்போகும் தொலைபேசிகளில் மிகக் குறைந்த திறனுடையது எது என்று அதன் விவரக்குறிப்பில் பாருங்கள். அக்சஸ் பாயின்டையும் அந்த அளவுக்கே இறக்கி வைத்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். பச்சைப் பரப்பு சுருங்கும், கூடுதல் அக்சஸ் பாயின்ட் தேவைப்படும். அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்.

4. அளப்பது

எகாஹாவ் மென்பொருள் எனக்குப் பிடித்தது. சிறிய இடத்துக்கு நெட்ஸ்பாட் போதும். ஆனால் கணினியில் சுவர்களை வரைந்து கணிக்கும் முறையை மட்டும் நம்பி ஒருபோதும் கேபிள் இழுக்க மாட்டேன். உயரமான தாங்கியில் ஓர் அக்சஸ் பாயின்டை ஏற்றி, உத்தேச இடத்தில் நிறுத்தி, கதவுகளை மூடிவிட்டு நடந்து அளக்கிறேன்.

மடிக்கணினியின் ஆன்டெனா வேறு, தொலைபேசியின் ஆன்டெனா வேறு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே அக்சஸ் பாயின்டைப் பாருங்கள். மடிக்கணினி -62 காட்டும்போது தொலைபேசி -68 காட்டினால், அந்த 6 டெசிபலை வரைபடம் முழுவதிலும் கழித்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியை மேசையில் வைத்துப் பார்க்காதீர்கள். காதோடு ஒட்டிப் பிடியுங்கள். கையும் தலையும் சிக்னலை விழுங்கும்.

5. சேனல்

குரலுக்கு 5 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாதபடி அமைவது 1, 6, 11 என்ற மூன்றே சேனல்கள் என்பதால் அதைக் குரலுக்கு ஒதுக்குவதில்லை.

6. பேசிக்கொண்டே நடங்கள்

இன்னொருவரை எதிர்முனையில் நிறுத்தி, எண்களை ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடங்கள். அவரும் அப்படியே எண்ணட்டும். எந்த எண் விழுங்கப்பட்டதோ அந்த இடத்தை இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். வந்த வழியே திரும்பியும் நடங்கள். ஒரு அக்சஸ் பாயின்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் போகும்போது ஒன்றாகவும் வரும்போது வேறாகவும் இருக்கும். தாவும்போது மட்டும் குரல் அறுந்தால், விரைவாகத் தாவ உதவும் 802.11ஆர் வசதியை அக்சஸ் பாயின்ட், தொலைபேசி இரண்டும் ஏற்கின்றனவா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: சிக்னல் எல்லாம் சரி, ஆனாலும் கூட்டம் சேரும் நேரத்தில் குரல் உடைகிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் குரல் பொட்டலங்களின் டிஎஸ்சிபி மதிப்பை (முன்னுரிமைக் குறியீட்டை) பாருங்கள். வழக்கமாக அது 46 ஆக இருக்கும். தொலைபேசியிலிருந்து 46 ஆகப் புறப்பட்டு, நெட்வொர்க் ஸ்விட்சைத் தாண்டும்போது 0 ஆகிவிட்டால், அந்த ஸ்விட்ச் குறியீட்டை அழிக்கிறது. அதன் போர்ட்டில் டிஎஸ்சிபியை நம்பும்படி அமைத்துவிட்டு, கூட்டம் உள்ள அதே நேரத்தில் மீண்டும் எண்ணிக்கொண்டே நடங்கள்.