தோட்டத்தில் மாதிரி ரயில்பாதை அமைக்கும் முறை

மேசைமீது ஓடும் மாதிரி ரயிலுக்குத் தளம் அசைவதில்லை. தோட்டத்து மண்ணோ மழையில் ஊறி, வெயிலில் சுருங்கி, வேர்களாலும் எறும்புகளாலும் ஓயாமல் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. ஆகவே தோட்ட ரயில்பாதை அமைக்க விரும்புவோர் முதலில் இஞ்சினை வாங்கிவிட்டுப் பிறகு இடம் தேடுவதைக் காட்டிலும், முதலில் தரையைத் தயார்செய்துவிட்டுக் கடைசியாக இஞ்சினை வாங்குவதே நல்லது. செலவிலும் உழைப்பிலும் பெரும்பகுதி பாதைப்படுகைக்கே போகும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

பெரும்பாலான தோட்ட ரயில்கள் 45 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடுகின்றன. ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரைச் சேர்ந்த லேமன் நிறுவனம் 1968-இல் எல்.ஜி.பி. என்ற பெயரில் வெளியிட்ட ரயில்கள் இந்த அகலத்தைத் தோட்டங்களில் பரவச் செய்தன. ஒரே அகலப் பாதையில் வெவ்வேறு விகித மாதிரிகள் (விகிதம் என்பது உண்மை ரயிலைவிட மாதிரி எத்தனை மடங்கு சிறியது என்ற அளவு) ஓடும் என்பது புதியவர்களைக் குழப்பக்கூடும். 1:22.5 விகிதத்தில் 45 மில்லிமீட்டர் என்பது மீட்டர்கேஜ் பாதையைக் குறிக்கும். 1:32 விகிதத்தில் அதுவே 1,435 மில்லிமீட்டர் கொண்ட ஸ்டாண்டர்டு கேஜ் பாதையாகிவிடும். இரண்டு வகை ரயில்களும் அதே தண்டவாளத்தில் ஓடும் என்றாலும், அருகருகே நிறுத்தினால் கதவு உயரமும் மனித உருவங்களின் அளவும் பொருந்தா. எனவே ஒரு விகிதத்தைத் தேர்ந்துகொண்டு, நிலையம், பாலம், பொம்மைகள் அனைத்தையும் அதற்கேற்பவே அமைக்க வேண்டும்.

வரைபடம் போடுவதற்கு முன், நல்ல மழை பெய்யும்போது தோட்டத்தில் நீர் எவ்வழியாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நீண்ட கயிற்றையோ தண்ணீர்க் குழாயையோ தரையில் கிடத்திப் பாதையின் வடிவத்தைப் பார்க்கலாம். கடைகளில் எளிதில் கிடைக்கும் வளைவுத் தண்டவாளங்களில் மிகச் சிறியது 60 சென்டிமீட்டர் ஆரம் கொண்டது. சிறிய இஞ்சின்கள் அதில் திரும்பும். நீளமான பயணிகள் பெட்டிகளோ உராய்வால் திணறுவதோடு, பார்வைக்கும் பொம்மைபோலவே தோன்றும். இடம் இருந்தால் 120 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆரம் வைப்பது நல்லது. இடப்புற வளைவிலிருந்து நேரடியாக வலப்புற வளைவுக்குச் செல்லும் இடத்தில், மிக நீளமான பெட்டியின் நீளத்துக்குக் குறையாத நேர்ப்பாதை ஒன்றை இடையே வைக்காவிட்டால் பெட்டிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்துத் தடம்புரளும்.

ஏற்றத்தைக் கணக்கிடுவதில் கண்ணை நம்பக்கூடாது. நூற்றுக்கு இரண்டு, அதாவது ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் உயர்வு, பெரும்பாலான ரயில்களுக்கு ஏற்றது. நூற்றுக்கு நான்கு என்பதை உச்ச வரம்பாகக் கொள்ளலாம். ஒரு பாதையின் மேலாக இன்னொரு பாதை கடக்க வேண்டுமானால், ரயிலின் உயரமும் பாலத்தின் கனமும் சேர்ந்து சுமார் 25 சென்டிமீட்டர் தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் அந்த உயரத்தை எட்ட 12.5 மீட்டர் நீளப் பாதை வேண்டும், இறங்குவதற்கும் அதே அளவு வேண்டும். சிறிய தோட்டத்தில் மேம்பால ஆசையை விட்டுவிட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

இனி படுகை. குறித்த வழியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் அகலமும் சுமார் 15 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட வாய்க்கால் வெட்டி, வேர்களை நீக்கி, நீரைக் கசியவிட்டுக் களையை மட்டும் தடுக்கும் நெய்யப்பட்ட விரிப்பை அடியில் விரிக்க வேண்டும். களிமண்ணாக இருந்தால் இன்னும் ஆழமாக வெட்டி, தேங்கும் நீர் வெளியேறத் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதிப்பது பயன் தரும். அடியில் 20 மில்லிமீட்டர் உடைகல்லைக் கொட்டி அடுக்கடுக்காக இடித்து இறுக்கி, மேலே நுண்ணிய கல்சில்லுகளை நிரப்பி, சுற்றியுள்ள மண்மட்டத்தைவிடச் சில சென்டிமீட்டர் உயர்த்திவிட வேண்டும். கல் கட்டாயம் கூர்முனையுள்ள உடைகல்லாக இருக்க வேண்டும். அழகுக்காகக் கூழாங்கல் போடுவோர் உண்டு. அவை ஒன்றன்மேல் ஒன்று உருண்டு நகர்வதால் தண்டவாளம் ஓரிடத்தில் நிற்காது. சிமென்ட் கான்கிரீட் படுகை உறுதியானதுதான், ஆனால் வேர்கள் அதை வெடிக்கச் செய்யும், பாதையை மாற்ற நினைத்தால் உடைத்தெடுக்க வேண்டும். முதல்முறை அமைப்போருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தண்டவாளத்தைப் படுகையில் இறுக்கிக் கட்டாமல், கல்லின்மீது மிதப்பதுபோல் கிடத்த வேண்டும். 10 மீட்டர் பித்தளைத் தண்டவாளம், வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஏறத்தாழ 7.5 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடமில்லையென்றால் பாதை நடுவில் வளைந்து எழும்பிவிடும். இணைப்புகளில் சிறு இடைவெளி விட்டு வைப்பதும், ஸ்லீப்பர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள், வெயிலைத் தாங்கும் பிளாஸ்டிக்கால் ஆனவையா என்று பார்த்து வாங்குவதும் அவசியம். இரு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ரசமட்டத்தை வைத்து, ஒவ்வொரு முழத்துக்கும் சரிபார்க்க வேண்டும். நீளவாக்கில் மெல்லிய மேடுபள்ளத்தை ரயில் பொறுத்துக்கொள்ளும். ஒரு தண்டவாளம் மட்டும் தாழ்ந்து பாதை முறுக்கிக்கொண்டால் பொறுக்காது. பின்னர் ஸ்லீப்பர்களின் மேல்விளிம்பு வரை நுண்கல்லைத் தூவிப் பெருக்கிவிடலாம். பாதை மாற்றும் இடங்களின் அசையும் பகுதிகளில் ஒரு கல்கூடச் சிக்கியிருக்கக் கூடாது.

ஆற்றலுக்கு மூன்று வழிகள் உண்டு. தண்டவாளத்தின் வழியே மின்சாரம் அனுப்பினால், பித்தளையின் மேல் படியும் கறையை அடிக்கடி துடைக்க வேண்டும், இணைப்புகளைத் திருகுப் பிடிகளால் இறுக்க வேண்டும், சில மீட்டருக்கு ஒருமுறை தடித்த செம்புக் கம்பியால் மின்சாரம் ஊட்ட வேண்டும். ரயில் வளைந்து திரும்பி, வந்த பாதையிலேயே எதிர்த்திசையில் சேரும் வளையம் இருந்தால், அங்கே இரு தண்டவாளங்களின் மின்முனைகள் மோதிக் குறுஞ்சுற்று ஏற்படும் என்பதால் அப்பகுதியை மின்தடுப்பு இணைப்பிகளால் பிரிக்க வேண்டும். இஞ்சினுக்குள் அல்லது பின்பெட்டியில் பேட்டரி வைத்து ரேடியோ மூலம் இயக்கினால் இத்தனை தொல்லையும் இல்லை. புதிதாகத் தொடங்குவோருக்கு என் தேர்வு அதுவே. உண்மையான நீராவி இஞ்சின் மூன்றாவது வழி, ஆனால் அது ஏற்றத்தில் சோர்ந்தும் இறக்கத்தில் பாய்ந்தும் ஓடுமாதலால் முற்றிலும் சமமான பாதை வேண்டும். எந்த வழியானாலும், வீட்டு மின்சாரத்தில் இயங்கும் டிரான்ஸ்பார்மரை நனையாத இடத்தில் வைத்து, மின்கசிவு ஏற்பட்டவுடன் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி வழியாகவே இணைத்து, தோட்டத்துக்குள் குறைந்த மின்னழுத்தத்தை மட்டும் கொண்டுசெல்ல வேண்டும்.

ரயில் நுழைந்து செல்லக் குகை அமைத்தால் அதன் நீளம், இரு வாயிலிருந்தும் கை நீட்டினால் எட்டும் அளவைத் தாண்டக் கூடாது. ரயில் தடம்புரள்வதற்கு எப்போதும் நடுக்குகையையே தேர்ந்தெடுக்கும். பாதையோரச் செடிகள் சிறிய இலையும் மெதுவான வளர்ச்சியும் உடையனவாக இருக்கட்டும், பெரிய மரங்களின் அடியைத் தவிர்க்கவும். கட்டடங்களையும் செடிகளையும் நிலையாக வைப்பதற்கு முன், இருப்பவற்றுள் மிக நீளமான பெட்டியை ஒவ்வொரு வளைவிலும் கையால் தள்ளி, உட்புறத்திலும் வெளிப்புறத்திலும் எதிலும் இடிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் படுகை சில இடங்களில் தாழ்ந்திருக்கும். அவ்விடங்களில் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் கல் சேர்த்து, ரசமட்டத்தால் மீண்டும் சரிசெய்துகொள்ளலாம்.