ஸ்பீட் போட்ல போறீங்களா? புதுசா போறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப் பாதுகாப்பு

ஸ்பீட் போட் விபத்துன்னு சொன்னதும் படகு கவுந்து மூழ்குற மாதிரிதான் நமக்கு மனசுல வரும். ஆனா விசாரணை அறிக்கைகள எடுத்துப் படிச்சீங்கன்னா நிறைய இடத்துல படகு நல்லா மிதந்துக்கிட்டேதான் இருக்கு, ஆளுங்கதான் தூக்கி வீசப்பட்டிருக்காங்க, ஒண்ணு தண்ணிக்குள்ள, இல்லன்னா படகுக்குள்ளயே எதுலயாவது மோதி. அதனால நான் கீழ சொல்றது எல்லாமே மூணு விஷயத்துக்காகத்தான். உக்காந்த ஆள் உக்காந்த இடத்துலயே இருக்கணும், அதையும் மீறி விழுந்துட்டா மிதக்கணும், ஓட்டுறவர் விழுந்தா எஞ்சின் அந்த செகண்டே நிக்கணும். மாலத்தீவுல ரிசார்ட்டுக்குப் போறவங்க, தாய்லாந்து ஃபுக்கெட்ல தீவு சுத்தப் போறவங்க, சொந்தமா சின்ன போட் ஓட்டக் கத்துக்கிறவங்க எல்லாருக்கும் இது பொருந்தும்.

ஸ்டெப் 1: ஏறுறதுக்கு முன்னாடி கரையிலயே கொஞ்சம் நில்லுங்க

எத்தன பேர் ஏறலாம்னு படகுல எழுதியிருப்பாங்க, ஏறுற ஆள எண்ணிப் பாருங்க, அதுக்கு மேல ஏத்துனா நீங்க ஏறாதீங்க, அட்வான்ஸ் போனா போகட்டும். ஓட்டுறவர்கிட்ட ரெண்டு வார்த்த பேசுங்க, குடிச்சிருந்தா பக்கத்துல போனாலே தெரிஞ்சிடும். 2016 செப்டம்பர் 25 விடியக்காலைல, இன்னும் இருட்டா இருக்கும்போதே, அமெரிக்காவுல மயாமில பேஸ்பால் வீரர் ஹோசே ஃபெர்னாண்டஸோட போட் கடல் வாய்க்கால் ஓரத்துல இருக்குற பாறைத் தடுப்புல அதே வேகத்துல ஏறி, உள்ள இருந்த மூணு பேரும் செத்துட்டாங்க. அவர்தான் ஓட்டியிருக்காரு, ரத்தத்துல ஆல்கஹால் சட்டம் சொல்ற அளவ விட அதிகம்னு விசாரணைல வந்துச்சு. ராத்திரி போட்டுக்கும் பகல் போட்டுக்கும் நடுவுல தேர்ந்தெடுக்க முடியும்னா யோசிக்காம பகல்ல போங்க.

ஸ்டெப் 2: லைஃப் ஜாக்கெட், சீட்டுக்கு அடியில இல்ல, உடம்புல

2024 டிசம்பர் 18 மும்பைல நடந்தது ஞாபகம் இருக்கும். கேட்வே ஆஃப் இந்தியால இருந்து எலிஃபண்டா தீவுக்கு நூறு பேருக்கு மேல ஏத்திக்கிட்டுப் போன நீல் கமல் ஃபெர்ரி மேல, எஞ்சின் டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்த நேவியோட ஸ்பீட் போட் கண்ட்ரோல் போய் வந்து மோதிடுச்சு, 15 பேர் இறந்துட்டாங்க. மோதுறதுக்கு முன்னாடி யாரும் ஜாக்கெட் போட்டிருக்கல, அப்புறம்தான் தேடி எடுத்துக் குடுத்தாங்கன்னு தப்பிச்சவங்க சிலர் சொன்னாங்க. மோதினதுக்கு அப்புறம் ஜாக்கெட் தேடி, பிரிச்சு, பக்கிள் போட எல்லாம் நேரம் கிடைக்காது. அமெரிக்க கோஸ்ட் கார்டு 2022க்கு வெளியிட்ட கணக்குப்படி, காரணம் தெரிஞ்ச படகு சாவுகள்ல 75 சதவீதம் தண்ணில மூழ்கிதான், அப்படி மூழ்கினவங்கள்ல 85 சதவீதம் பேர் ஜாக்கெட் போடல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

போடுற முறை: ஜிப்ப முழுசா மேல வரைக்கும் இழுங்க, எல்லா பக்கிளையும் கிளிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்துங்க, வார இழுத்து டைட் பண்ணுங்க. அப்புறம் பக்கத்துல இருக்கிறவங்கள விட்டு ரெண்டு தோள்பட்டையிலயும் ஜாக்கெட்டப் புடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க. காது வரைக்கும் ஏறி வந்துச்சுன்னா லூஸ், தண்ணில விழுந்தா தலை வழியா கழண்டு போயிடும். குழந்தைக்குப் பெரியவங்க சைஸ் குடுத்து சமாளிக்கப் பாப்பாங்க, ஒத்துக்காதீங்க, குழந்தை ஜாக்கெட்ல காலுக்கு நடுவுல போற வார் ஒண்ணு இருக்கணும், அதையும் மாட்டணும். இன்னொண்ணு, ஜாக்கெட்ல 50 நியூட்டன்னு (மிதக்க வைக்கிற விசையோட அளவு) போட்டிருக்கிறது நினைவோட இருக்கிற, நீச்சல் தெரிஞ்ச ஆளுக்கு உதவும், அவ்ளோதான். 150 நியூட்டன் ஜாக்கெட்தான் மயங்கினவங்களையும் முகம் மேல வர்ற மாதிரி திருப்பிப் போட டிசைன் பண்ணது.

ஸ்டெப் 3: எங்க உக்காருறது

முன்னாடி உக்காந்தா காத்தும் போட்டோவும் நல்லாருக்கும், ஆனா அலைல ஏறி இறங்கும்போது அதிகமா தூக்கிப் போடுறது முன்பக்கம்தான். 2008 ஆகஸ்ட்ல பிரிட்டன்ல பிரிஸ்டல் சேனல்ங்கிற கடல் பகுதில செல்டிக் பயனியர்ங்கிற ரப்பர் போட்ல டூர் போன ஒரு பெண்ணுக்கு அலை அடிச்ச அடில முதுகெலும்பு நசுங்கி உடைஞ்சுது. படகு எதுலயும் மோதல, யாரும் தண்ணில விழல, வெறும் அலை. அதனால பின்பாதில உக்காருங்க, ரெண்டு காலும் தரையில பதியட்டும், ரெண்டு கையும் கம்பியப் புடிச்சிருக்கட்டும், பெரிய அலை வருதுன்னு தெரிஞ்சா கால ஊனி முழங்கால லேசா மடக்கி சீட்ல இருந்து எடைய கொஞ்சம் எடுங்க. முதுகு வலி இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க இந்த மாதிரி வேகமான படகுல போகவே வேணாம், மெதுவா போற ஃபெர்ரி இருந்தா அதுல போங்க. படகோட மூக்குல (முன் நுனில) காலத் தொங்கப் போட்டு உக்காருறது, பக்கவாட்டு ஓரத்துல ஏறி உக்காருறது ரெண்டும் கூடவே கூடாது, அங்க இருந்து விழுந்தா நேரா புரொப்பல்லர் (எஞ்சின் சுத்துற இறக்கை) பாதைலதான் விழுவீங்க.

என் தங்கச்சி மாலத்தீவு டிரிப்புக்கு முன்னாடி போன் பண்ணி "அண்ணே, பாப்பாவ மடியில வச்சுக்கலாம்ல?"ன்னு கேட்டா. வேணாம்மா. ஒரு கையில குழந்தை, ஒரு கையில கம்பின்னா ரெண்டும் நழுவும். தனி சீட்ல, உங்களுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் நடுவுல உக்கார வச்சு, கைக்கு எட்டுற கம்பியப் புடிக்கச் சொல்லுங்க, கம்பி புடிக்கிற வயசு இல்லன்னா மெதுவான படகுதான்.

ஸ்டெப் 4: கில் கார்டு (தயவுசெஞ்சு இத மட்டும் தாண்டிப் போகாதீங்க)

ஸ்டியரிங் பக்கத்துல, பழைய லேண்ட்லைன் போன் வயர் மாதிரி சுருள் சுருளா ஒரு கயிறு தொங்கும், பெரும்பாலும் சிவப்பா இருக்கும். ஒரு முனை எஞ்சின் ஸ்விட்ச்ல, இன்னொரு முனை ஓட்டுறவர் உடம்புல. அவர் தூக்கி வீசப்பட்டா கயிறு இழுபட்டு கிளிப் வெளிய வரும், எஞ்சின் நின்னுடும். இவ்ளோதான் விஷயம்.

இது மாட்டாம இருந்தா என்ன ஆகும்? 2013 மே 5, இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் பேட்ஸ்டோங்கிற ஊர், கேமல் ஆத்து முகத்துவாரம். ஒரு குடும்பம், ஆறு பேர், எட்டு மீட்டர் ரப்பர் போட். வேகமா திரும்பினப்ப ஆறு பேருமே தண்ணில விழுந்துட்டாங்க. கில் கார்டு ஓட்டினவர் உடம்புல இல்ல. ஆளே இல்லாத படகு எஞ்சின் ஓடிக்கிட்டே வட்டமா சுத்தி சுத்தி வந்து, தண்ணில இருந்த அதே குடும்பத்து மேல ஏறுச்சு. அப்பாவும் 8 வயசுப் பொண்ணும் இறந்துட்டாங்க, அம்மாவுக்கும் பையனுக்கும் படு காயம். உள்ளூர்ல வாட்டர் ஸ்கீ சொல்லிக் குடுக்குற ஒருத்தர் இன்னொரு படகுல வந்து, ஓடிக்கிட்டிருந்த படகுக்குள்ள தாவிக் குதிச்சுதான் அத நிறுத்தினாரு. அந்தக் கயிறு தொடையில ஒரு சுத்து சுத்தியிருந்தா படகு, அவங்க விழுந்த இடத்துக்குப் பக்கத்துலயே நின்னுருக்கும். இத எழுதும்போதே எனக்கு வயித்தப் பிசையுது.

படகு ஏன் நேரா போகாம சுத்துதுன்னா, ஸ்டியரிங்க யாரும் புடிக்கலன்னா புரொப்பல்லர் சுத்துற விசையே அத ஒரு பக்கமா திருப்பிடும், அதனால விழுந்தவங்க இருக்கிற இடத்துக்கே திரும்பி வரும். மூணு இறக்கை புரொப்பல்லர் நிமிஷத்துக்கு 3200 சுத்து சுத்தினா ஒரு செகண்டுக்கு 160 வெட்டு விழும்.

ஓட்டக் கத்துக்கிறவங்க பண்ண வேண்டியது:

தொடையில சுத்தி, கிளிப்ப கயித்துலயே மாட்டுங்க. ஸ்டியரிங்லயோ கியர் லீவர்லயோ சிக்காத மாதிரி பாத்துக்கோங்க.

ஒவ்வொரு தடவ கிளம்பும்போதும் எஞ்சின ஐடில்ல விட்டு கயித்த ஒரு இழு இழுங்க. நிக்கணும். நிக்கலன்னா அன்னிக்கு போட் போகாது.

ஆள் மாறி ஓட்டுறப்ப முதல்ல எஞ்சின ஆஃப் பண்ணுங்க, கயித்த மாத்துங்க, அப்புறம் ஸ்டார்ட். ஓடும்போதே மாறாதீங்க.

வெயில்ல காஞ்சு விறைச்சுப் போன, சுருள் போன கயித்த தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. ஸ்பேர் ஒண்ணும் படகுல இருக்கணும், ஏன்னா ஓட்டினவர் கயித்தோட விழுந்துட்டா மத்தவங்க எஞ்சின திரும்ப ஸ்டார்ட் பண்ணி அவரத் தூக்க அது வேணும்.

அமெரிக்கால 2021 ஏப்ரல் 1ல இருந்து 26 அடிக்குக் குறைவான, 3 ஹெச்பியோ அதுக்கு மேலயோ இருக்கிற படகுகள்ல வேகமா போறப்ப இந்த ஸ்விட்ச்ச மாட்டியே ஆகணும்னு ஃபெடரல் சட்டமே இருக்கு. பயணியா போறவங்க ஒண்ணு பண்ணுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி "அண்ணா, கயிறு மாட்டலயா?"ன்னு கேளுங்க. கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

ஸ்டெப் 5: ஓடும்போது

2020 ஆகஸ்ட் 22, இங்கிலாந்துல சவுத்தாம்டன்ல சீடாக்ஸ்ங்கிற த்ரில் ரைடு போட் நல்ல பகல் வெளிச்சத்துல சுமார் 38 நாட் வேகத்துல போய் கடல்ல நிக்கிற பெரிய மிதவை மேல நேரா மோதிடுச்சு. 15 வயசுப் பொண்ணு ஒருத்தி இறந்துட்டா. 38 நாட்னா மணிக்கு 70 கிலோமீட்டர், ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 20 மீட்டர், அஞ்சு செகண்ட் பின்னாடி திரும்பி பயணிகளப் பாத்தா நூறு மீட்டர் கண்ண மூடிக்கிட்டு ஓட்டின கணக்கு, படகுக்கு பிரேக்கும் கிடையாது. ஓட்டுறவர் முன்னாடி மட்டும் பாக்கட்டும், போட்டோ எடுக்கச் சொல்லி அவரத் தொந்தரவு பண்ணாதீங்க. திரும்புறதுக்கு முன்னாடி வேகத்தக் குறைச்சு, "திரும்புறேன், புடிச்சுக்கோங்க"ன்னு சத்தமா சொல்லணும். மூக்கு தண்ணிக்குள்ள அழுந்துற மாதிரி ட்ரிம் (எஞ்சினோட சாய்வு) வச்சுக்கிட்டு வேகமா ஒடிச்சா பின்பக்கம் சட்டுனு வழுக்கி சுத்தும், ஆள வீசுறது அந்த நொடிதான்.

ஸ்டெப் 6: யாராவது விழுந்துட்டா

கத்துங்க. ஒருத்தர் விழுந்தவங்களையே கைய நீட்டிக் காட்டிக்கிட்டு இருக்கணும், கண்ண எடுக்கவே கூடாது, அலைக்கு நடுவுல ஒரு தலை மறைஞ்சு போக ரொம்ப நேரம் ஆகாது. விழுந்தது வலது பக்கம்னா ஸ்டியரிங்கயும் வலது பக்கம் ஒடிச்சாதான் பின்னாடி இருக்கிற புரொப்பல்லர் அவங்கள விட்டு விலகும். மெதுவா கிட்ட வந்ததும் நியூட்ரல்ல விட்டா போதும்னு நினைக்காதீங்க, எஞ்சின ஆஃப் பண்ணிட்டுதான் ஆளத் தூக்கணும். நீங்களே தண்ணில இருந்து, ஆளில்லாத படகு சுத்துதுன்னா அதப் புடிக்க நீந்தாதீங்க, வட்டத்துக்கு வெளிய போங்க.

ஸ்டெப் 7: போன்

வாட்டர்ப்ரூஃப் பவுச்ல போட்டு கழுத்துல மாட்டிக்கோங்க. இந்தியக் கடல்ல கோஸ்ட் கார்டு நம்பர் 1554, கடலோரப் போலீஸ் 1093. படகுல விஹெச்எஃப் ரேடியோ (படகுகள் பேசிக்கிற வயர்லெஸ்) இருந்தா சேனல் 16, "மேடே"ன்னு (உயிருக்கு ஆபத்துன்னு அர்த்தம்) மூணு தடவ, அப்புறம் படகு பேரு, இருக்கிற இடம், எத்தன பேர்.