ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப்பில் வீடு வாங்கினால்: உயிர்வேலியில் கை வைக்காதீர்கள்

சாவி கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் தோன்றுவது, வாசலில் கார் நிறுத்த இடம் பண்ண வேண்டும் என்பதுதான். முன்னால் நிற்கும் உயிர்வேலியை வேரோடு பிடுங்கி, புல்லை எடுத்துவிட்டுக் கல் பாவினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வட லண்டனில் இருக்கும் இந்தப் பகுதியில் அதுதான் முதல் தவறு. என்னைக் கேட்டால் மிகப் பெரிய தவறும் அதுதான்.

காரணம் இந்த இடம் பிறந்த கதையில் இருக்கிறது. கணவர் சாமுவேலோடு கிழக்கு லண்டனின் வைட்சாப்பல் சேரிகளில் பல ஆண்டுகள் உழைத்தவர் ஹென்ரியட்டா பார்னெட். ஏழையும் பணக்காரரும் மரம் செடிகளுக்கு நடுவே ஒரே ஊராக வாழ வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஈட்டன் கல்லூரிக்குச் சொந்தமான 243 ஏக்கரை வாங்கி 1907இல் வேலையைத் தொடங்கினார். ஊரை வரைந்தவர்கள் ரேமண்ட் அன்வினும் பாரி பார்க்கரும். நடுச் சதுக்கத்துத் தேவாலயங்கள், பின்னாளில் புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் கைவண்ணம். இதற்கென்றே நாடாளுமன்றம் 1906இல் தனிச் சட்டம் போட்டது: சராசரியாக ஏக்கருக்கு 8 வீடுகளுக்கு மேல் கூடாது, தெருவின் இரு பக்கத்து வீடுகளுக்கு நடுவே குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும். வீட்டுக்கு வீடு மதில் எழுப்பாமல் உயிர்வேலி வைத்ததும் அதே எண்ணத்தில்தான்.

இங்கே 'ட்விட்டன்' என்று சொல்லும் ஒற்றையடிச் சந்துகளில் ஒருமுறை நடந்து பாருங்கள். இரண்டு பக்கமும் தலை உயரத்துக்குப் பச்சை. மழை பெய்து ஓய்ந்த நேரமென்றால் தோளில் இலை உரசிச் சட்டை நனையும். நடுவில் ஒரு வீட்டில் மட்டும் வேலி போய்ப் பலகைத் தடுப்பு வந்துவிட்டால், பல் விழுந்த வாய் மாதிரி அந்த வரிசையே கெட்டுவிடும்.

"ஃப்ரீஹோல்ட் வீடு (மனையும் சேர்த்து முழுச் சொந்தம்), என் இஷ்டம்" என்று நினைப்பது அடுத்த தவறு. 1974இல் வந்த நிர்வாகத் திட்டத்தின்படி, ஃப்ரீஹோல்ட் வீடாக இருந்தாலும் வெளித்தோற்றத்தை மாற்ற, இந்த ஊரின் தோற்றத்தைக் காக்கும் அமைப்பான கார்டன் சபர்ப் டிரஸ்டின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் உள்ளாட்சியான பார்னெட் கவுன்சிலின் திட்ட அனுமதி தனி. இது 1968 முதல் பழைய தோற்றம் மாறாமல் காக்கப்படும் பாதுகாப்புப் பகுதி என்பதால், வேறு இடங்களில் அனுமதி கேட்காமலே செய்யும் பல சின்ன வேலைகளுக்கும் இங்கே கவுன்சிலிடம் போக வேண்டும். ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. நிறையப் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வரலாற்றுச் சிறப்புக்காக அரசு பட்டியலிட்ட கட்டடம் என்றால் கட்டுப்பாடு உள்ளறை வரை நீளும். அனுமதியில்லாமல் அதில் கை வைப்பது கிரிமினல் குற்றம்.

வாங்கும்போதே சொலிசிட்டரிடம் (உங்கள் வழக்கறிஞரிடம்) ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வையுங்கள்: பழைய உரிமையாளர் செய்த மாற்றங்களுக்கு டிரஸ்டின் ஒப்புதல் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தத் தலைவலி வீட்டோடு சேர்ந்து உங்களுக்கு வரும்.

குளிருக்குப் பயந்து பழைய மர ஜன்னலையோ இரும்புச் சட்ட ஜன்னலையோ கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடாதீர்கள். பழையதைப் பழுது பார்த்து இடுக்குகளை அடைத்தாலே பாதிக் குளிர் நின்றுவிடும்.

செங்கல் இடுக்கில் சிமென்ட் பூசுவது, செய்யும்போது நல்ல வேலையாகத் தெரியும். ஆனால் தொடக்க கால வீடுகளின் செங்கல் மென்மையானது, கட்டியது சுண்ணாம்புக் கலவையில். சுவரில் இறங்கும் ஈரம் அந்தச் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேறும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் செங்கலுக்குள்ளேயே தங்கி, உறைபனியில் பனிக்கட்டியாகி விரியும்போது செங்கல்லின் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். வரும் மேஸ்திரியிடம் சுண்ணாம்பு வேலை தெரியுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

பின்தோட்டத்து மரத்தை வெட்டவோ கழிக்கவோ 6 வாரம் முன்பே கவுன்சிலுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். டிரஸ்டிடமும் கேட்க வேண்டும். பறவைகள் கூடு கட்டும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியைப் பெரிதாக வெட்டாதீர்கள்.

வேலியில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தாலும் கவலை வேண்டாம். பக்கத்தில் நிற்பது பிரிவெட்டா, பீச்சா, ஹார்ன்பீமா என்று பார்த்து அதே இனத்தை வாங்குங்கள். நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் மண் ஒட்டாத வேர்க்கன்றுகளாகவே கிடைக்கும், விலையும் குறைவு. முதல் கோடையில் மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள்.